நான்கு இடைவெளியைக் காணவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தமிழில் கணினி நூல்கள் வருவதே இல்லை என்று வருத்தப்பட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. மென்பொருள் துறையில் கை நிறையச் சம்பளம் வாங்கும் தமிழர்களுக்குத் தாய்மொழியில் நாலு வரி எழுத மனம் வரவில்லையே என்று கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். வருத்தம் நியாயம்தான். ஆனால் அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் மாணவர் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்காக பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் அச்சாகியிருந்தது. மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி, 35க்குக் குறையாமல் இருந்தால் 'தேர்ச்சி' என்றும், குறைந்தால் 'மீண்டும் முயல்க' என்றும் சொல்லும் ஐந்து வரி நிரல். அது ஓடாது. என்னிடம் படிக்கும் மாணவிகள் மூன்று பேர் பேப்பரைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "மிஸ், அப்படியே பார்த்து அடிச்சோம், வரமாட்டேங்குது" என்று நின்றார்கள். கட்டுரையாளர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஐந்து வரியில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழை இரண்டு. நிரலில் மேற்கோள் குறி நேராக நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அது அழகாக வளைந்து அச்சாகியிருக்கிறது. கதைக்கும் கட்டுரைக்கும் அதுதான் லட்சணம். பைத்தானோ அந்த வளைந்த குறியைக் கண்டதும் இப்படி ஓர் எழுத்து எனக்குத் தெரியாது என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் அதைத் திருத்திவிட்டால் அடுத்த பிழை காத்திருக்கிறது. 'இஃப்', அதாவது 'இருந்தால்' என்று நிபந்தனை சொல்லும் வரிக்குக் கீழே இருக்கும் வரி உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டும், வழக்கமாக நான்கு இடம். எந்த வரி எதற்குக் கட்டுப்பட்டது என்று பைத்தான் அந்த இடைவெளியை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. உங்கள் பக்கத்தில் ஐந்து வரிகளும் காலைப் பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி இடது ஓரமாக ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. பக்கம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று யாரோ அந்த இடைவெளியை எடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரைப் போன்ற ஒருவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தவள் நான்.

கோவில்பட்டியில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் பதினோரு கணினி, அதில் ஒன்பது ஓடும். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேர்டு படிக்க வந்தார்கள், அப்புறம் டேலி படிக்க வந்தார்கள். இப்போது பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்குப் பைத்தான் என்று பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்.

புத்தகம் எழுதும் எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததில்லை. ஒரு பையன் எழுத வைத்துவிட்டான். தமிழ் வழியில் படித்தவன், கணினி அறிவியலில் நல்ல மதிப்பெண், பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துப் போனான். முதல் செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தபோது நிரலாக்கத் தாளில் அரியர். எப்படிடா என்றேன். "லூப் லூப்னு நடத்துறாங்க மிஸ், அது ஏதோ புதுப் பாடம்னு நினைச்சிட்டேன். மூணு வாரம் கழிச்சுத்தான் அது நம்ம மடக்குன்னே தெரிஞ்சது" என்றான். பள்ளிப் புத்தகத்தில் செயற்கூறு என்று படித்தது அங்கே ஃபங்ஷன். மாறி அங்கே வேரியபிள். இனக்குழு என்று மனப்பாடம் செய்தது அங்கே கிளாஸ். வீடு அதேதான், கதவிலக்கம் மாறிவிட்டது. பையன் தெருவில் நின்றுகொண்டிருந்தான்.

சரி, இந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதற்கு முன் விடுமுறையில் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். பள்ளிச் சொல், கல்லூரிச் சொல் இரண்டையும் முதல் தடவை சேர்த்துச் சொல்வது, அதற்குப் பிறகு வகுப்பில் வாயில் எது வருகிறதோ அதை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். இதில் தமிழார்வலர்கள் சிலர் என்னைக் கோபித்ததுண்டு. 'இனக்குழு' என்ற சொல் மேல் எனக்கே கோபம் உண்டு, அது சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்க வேண்டிய சொல். ஆனால் பிள்ளைகள் அதைத்தான் இரண்டு வருடம் படித்துவிட்டு வருகிறார்கள். நான் அதைவிட நல்ல சொல் ஒன்றைக் கண்டுபிடித்தால் அவர்களுக்கு அது மூன்றாவது கதவிலக்கமாகிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

எழுத ஒரு வருடம் நாலு மாதம் பிடித்தது. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிய பிறகு பதினொன்றரை வரை. கட்டுரையாளர் நினைப்பதுபோல் நான் ஒன்றும் ஆளில்லாத காட்டில் நடக்கவில்லை. 2012 முதல் கணியம் என்றொரு மின்னிதழ் வருகிறது. அதைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி மின்னூல்களாக வைத்திருக்கிறார்கள். நான் பலதும் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட எழுத்துகளில்தான். எழுத ஆள் இருக்கிறார்கள் ஐயா.

என்னுடைய முறை இது: நிரலும் விளக்கமுமாகச் சாதாரண உரைக் கோப்பில் எழுதுவேன். பான்டாக் என்ற இலவச மென்பொருள் அந்த ஒரே கோப்பிலிருந்து அச்சுக்கு பிடிஎஃப்பும், கைப்பேசியில் படிக்க மின்னூலும் செய்து கொடுத்துவிடும். கூடவே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்தேன். அது புத்தகத்துக்குள் புகுந்து அதில் உள்ள 164 நிரல்களையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்து ஓட்டிப் பார்க்கும். முதல் நாள் ஓட்டியபோது பதினோரு நிரல் படுத்துவிட்டது. எல்லாம் நான் சரி என்று நினைத்து அடித்தவை. சமையல் குறிப்பு எழுதுகிறவர் ஒவ்வொரு பதார்த்தத்தையும் அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டா எழுதுகிறார் என்று கேட்கலாம். நிரல் புத்தகம் எழுதுகிறவர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உப்பு கொஞ்சம் குறைந்தாலும் சாப்பிட்டுவிடலாம், ஓர் அடைப்புக்குறி குறைந்தால் ஒன்றுமே வராது.

கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு இரண்டு பதிப்பகங்களுக்குப் போனேன். ஒன்றில் பதிலே இல்லை. இன்னொன்றில் பெரியவர் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பின்னால் இருந்த குடோனைக் காட்டினார். விண்டோஸ் 98, ஃபாக்ஸ்புரோ, பேஜ்மேக்கர் என்று வழக்கொழிந்த மென்பொருள்களுக்கான புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. "நான் ஆயிரம் அடிச்சா விக்க நாலு வருஷம் ஆகும்மா. கவிதைன்னா அதுவரைக்கும் கெடாது. உங்க சரக்கு தயிர் மாதிரி" என்றார்.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. பைத்தானில் வருடத்துக்கு ஒரு தடவை, அக்டோபர் வாக்கில், புதிய பதிப்பு வருகிறது. பெரிய மாற்றம் என்றால் பைத்தான் 2 போன கதை. 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதில் 'பிரிண்ட்' என்று எழுதி, பக்கத்திலேயே சொல்ல வேண்டியதைப் போட்டால் போதும். பைத்தான் 3இல் அடைப்புக்குறி இல்லாமல் அது நடக்காது. என் மாணவி ஒருத்தி ஏதோ ஒரு நூலகத்திலிருந்து பைத்தான் 2 புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, முதல் அத்தியாயத்தின் முதல் நிரலே ஓடாமல், தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று அழுதிருக்கிறாள். புத்தகத்துக்கு வயதாகிவிட்டது என்று அட்டையில் எழுதியா வைத்திருக்கிறார்கள்?

பஸ்ஸில் திரும்பி வரும்போது தோன்றியது: தயிரை யாராவது ஆயிரம் லிட்டர் உறைய வைப்பார்களா? நானே நூறு நூறாகப் போட்டுக்கொள்ளலாமே. டிஜிட்டல் அச்சில் நூறு பிரதிக்கும் தருவார்கள். ஆஃப்செட்டில் ஐந்நூறு அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறக்குறையப் பாதியாகும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நூறுக்கும் நடுவில் திருத்திக்கொள்ளும் வசதி அதில் கிடைக்காது. எனக்கு அந்த வசதிதான் முக்கியம். சொந்தமாகப் போடுவது என்று முடிவுசெய்த காரணம் இவ்வளவுதான். லட்சியம், வைராக்கியம் எதுவும் கிடையாது.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை வாங்கித்தர இரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒருவர் சொன்னார். அது இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுதுகிறவரே பதிந்து வாங்கலாம். எழுத நினைக்கும் யாராவது இதைப் படித்தால் அந்த இரண்டாயிரம் மிச்சம்.

இப்போது அச்சகம். சிவகாசியில் ஒரு டிடிபி ஆபரேட்டர் தம்பி. பத்திரிகை அடிப்பதில், அதாவது கல்யாணப் பத்திரிகை, அவரை மிஞ்ச ஆளில்லை. கவிதைத் தொகுப்புகளும் செய்திருக்கிறார். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் நான் கொடுத்த கோப்பை அவர் தன் மென்பொருளுக்கு ஏற்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினார். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல், தமிழ் அதற்குள் இடம்பிடித்தது அதற்கும் வெகு காலம் முன்பு, 1991இல். அச்சகங்களில் பல இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் ஓடுகின்றன. வாங்கி வைத்த மென்பொருள், பழகிய கை, அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பழைய எழுத்துருவில் ஒரு விசேஷம் இருக்கிறது. கணினிக்குத் தெரிந்தவரை அதில் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து, கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர்களுக்குத் தெரியும், ஆங்கில 'எஃப்' அடித்தால் 'க', 'ஓ' அடித்தால் 'ழ', 'ஆர்' அடித்தால் 'ச'. தம்பி பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் அந்த எழுத்துருவைப் போட்டுவிட்டார். விளக்கமெல்லாம் அருமையான தமிழில் வந்தது. நிரல்களும் தமிழாகிவிட்டன! 'ஃபார்' இருந்த இடமெல்லாம் 'கழச' என்று இருந்தது. 'எல்ஸ்' என்பது 'நடளந' ஆகியிருந்தது. 'இஃப்' என்ற சொல்லோ 'கை' ஆகிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் கை, கை, கை. முதல் ப்ரூஃபை விரித்து வைத்துக்கொண்டு சிரித்ததில் எதிர் மேசையில் காலண்டர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது, 164 நிரல் ஆயிற்றே.

இரண்டாவது ப்ரூஃபில் ஆங்கிலம் திரும்பி வந்திருந்தது. இடைவெளி போயிருந்தது. "நிறைய இடத்துல ஸ்பேஸ் தட்டி வெச்சிருந்தீங்க மேடம், எல்லாத்தையும் எடுத்துட்டேன். பதினோரு பக்கம் குறைஞ்சிடுச்சு" என்று தம்பி சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் செலவு குறைத்துக் கொடுத்திருக்கிறார், பாவம். மூன்றாவது ப்ரூஃபில் இடைவெளி வந்தது, மேற்கோள் குறி வளைந்துவிட்டது, இரட்டைக் கழித்தல் குறி ஒன்றாகச் சேர்ந்து நீளக் கோடாகிவிட்டது. நான்காவதில் பக்கத்தின் இரு ஓரமும் சமமாக வர வேண்டும் என்று நிரலின் சொற்களை இழுத்து விட்டிருந்தார். அதற்குள் செப்டம்பர் ஆகி, காலண்டர் சீசன் சூடுபிடித்துவிட்டது. என் முகத்தைப் பார்க்கவே அந்த அச்சகத்தில் யாருக்கும் நேரமில்லை.

அப்போதுதான் டொனால்ட் கனூத் கதையை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். 1977இல் நிரலாக்கம் பற்றிய அவருடைய நூல் வரிசையில் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்தது. அப்போது ஈய அச்சு போய் ஒளியச்சுக் கோப்பு வந்திருந்த சமயம். முந்தைய பதிப்பின் அழகு எங்கே, இது எங்கே என்று மனிதருக்குப் பொறுக்கவில்லை. இனி அச்சுக் கோப்பதற்கும் நானே நிரல் எழுதிக்கொள்கிறேன் என்று இறங்கினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தது, கையை விட்டு இறக்க ஏறக்குறையப் பத்து வருடம் ஆனது. டெக் என்ற அந்த மென்பொருளை அவர் இலவசமாகவே விட்டுவிட்டார். அதன் வாரிசு ஒன்று யூனிகோட் தமிழையும் அழகாகக் கோக்கிறது, நான் பயன்படுத்தும் பான்டாக் பிடிஎஃப் செய்ய அதைத்தான் கூப்பிடுகிறது. அமெரிக்காவில் ஒருவருக்கு ப்ரூஃப் பார்த்து வந்த எரிச்சலில் கோவில்பட்டியில் எனக்கு வழி பிறந்தது.

ஐந்தாவது தடவை போனபோது முழுப் புத்தகத்தையும் டெமி அளவில் பிடிஎஃப்பாகவே கொண்டுபோனேன். 240 பக்கம், அதாவது 16 பக்கம் கொண்ட 15 ஃபாரம். விளக்கத்துக்கு ஒரு தமிழ் எழுத்துரு, நிரலுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்கும் எழுத்துரு, நிரலின் எந்த வரியும் 52 எழுத்தைத் தாண்டாது. "தம்பி, இதைத் திறக்காதீங்க. அப்படியே அடிங்க" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. தன் வேலையை நான் பிடுங்கிக்கொண்டதாக நினைத்திருப்பார். அட்டையை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றதும் சரியாகிவிட்டார். அட்டை நன்றாகவே வந்தது. இப்போது அவர் மானிட்டருக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்: "பைத்தான் வந்தால் கை வைக்காதே".

முதல் நூறு பிரதி 2023இல் வந்தது. பிரதிக்கு அடக்கம் 128 ரூபாய், விலை 220. கடைக்குக் கொடுத்தால் 40 சதவீதம் கழிவு, ஆகவே என் கைக்கு 132. பிரதிக்கு நாலு ரூபாய் லாபம், அதுவும் கடைக்காரர் விற்று, கணக்குப் பார்த்து, நான் மூன்று தடவை போன் போட்ட பிறகு. ஒரு கடையில் என் புத்தகத்தைப் பொது அறிவு வினா விடைகளுக்கு நடுவே சொருகி வைத்திருந்தார்கள். பாம்புப் படம் போட்டிருந்தால் விலங்கியலில் வைத்திருப்பார்கள் போல. ஆகவே அஞ்சலில் நேராக அனுப்புவதுதான் எனக்குக் கட்டுப்படியாகும் வழி.

அந்த வழியும் கொஞ்ச நாள் அடைபட்டது. பதிவுப் புத்தகக் கட்டு என்று குறைந்த கட்டணத்தில் ஒரு சேவை இருந்ததல்லவா, அதை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். கூரியருக்குப் போனால் புத்தக விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. என்னைப் போன்ற சின்னப் பதிப்பாளர்களுக்கு அந்த நாலைந்து மாதம் திண்டாட்டம். 2025 மே மாதம் கல்வி நூல்களுக்கு என்று ஞான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. என் புத்தகத்தின் எடை 272 கிராம். முனை மடங்காமல் இருக்க அட்டை வைத்துக் கட்டினால் 318 ஆகிவிடுகிறது. அட்டையை எடுத்துவிட்டுப் பழுப்புக் காகிதத்தை இரட்டையாகச் சுற்றிப் பார்த்தேன். 291. அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

விற்பனையைவிட எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. கனூத் தன் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்புவார். பத்துக்குப் பதில் பதினாறின் அடிமானத்தில் எண்ணினால் 100 என்று எழுதுவது 256, ஆகவே 256 சென்ட் ஒரு டாலர் என்று அவர் கணக்கு. காசோலையைப் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டியவர்கள்தான் அதிகம். காசோலைப் படங்களை வைத்து மோசடி நடந்ததால் 2008 முதல் ஒரு கற்பனை வங்கியின் பெயரில் சான்றிதழாக அனுப்புகிறார். எனக்கு அவ்வளவு வசதி ஏது? முதல் பக்கத்தில் "பிழை கண்டு சொல்பவருக்கு 16 ரூபாய் கூகுள் பேயில் அனுப்பப்படும்" என்று போட்டேன். இதுவரை 23 பிழை, 368 ரூபாய்.

அதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. 87ஆம் பக்கத்தில் ஒரு சொல்லின் நீளத்தைக் கண்டுபிடிக்கும் நிரல். சொல் 'தமிழ்'. விடை 3 என்று அச்சாகியிருந்தது. சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு மாணவன், "மேடம், எனக்கு 5 வருது" என்று எழுதினான். அவன் சொன்னதுதான் சரி. நம் கண்ணுக்குத் த, மி, ழ் என்று மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. 164 நிரலையும் ஓட்டிப் பார்த்தேன் என்று மேலே பெருமையடித்தேன் அல்லவா, நிரல் ஓடுகிறதா என்றுதான் பார்த்தேன். விடையைக் கையால் அடித்திருந்தேன், அதுவும் நாலாம் வகுப்புத் தமிழ் ஞாபகத்தில். பைத்தானுக்கு நன்னூல் தெரியாது என்பது எனக்கே அப்போது நினைவில்லை. ஒரு தமிழ் நிரல் புத்தகத்தில் 'தமிழ்' என்ற சொல்லிலேயே தப்பு! அடுத்த நூறில் அந்த ஒரு வரியை இரண்டு பக்கமாக விரித்து எழுதினேன். சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து, ஒட்ட எழுத்து கிடைக்காமல் வெறும் வட்டத்தோடு நிற்பதையும் சேர்த்தேன். புத்தகத்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பக்கம் இப்போது அதுதான். ஆங்கிலப் புத்தகம் எதையாவது பார்த்து மொழிபெயர்த்திருந்தால் அந்தப் பக்கம் வந்தே இருக்காது. நிரல்களோடு விடைகளையும் இப்போது இயந்திரமே எழுதுகிறது.

மூன்று வருடத்தில் நான்கு தடவை நூறு நூறாக அடித்துவிட்டேன். இப்போது கட்டிலுக்கு அடியில் இருப்பது 48. ஒவ்வொரு அச்சிலும் எந்த மாதம், எந்தப் பைத்தான் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது என்று அட்டையின் பின்புறம் போடுகிறேன், மருந்துப் பாட்டிலில் தேதி போடுகிற மாதிரி. முதல் அச்சு வாங்கியவர்கள் கேட்டால் திருத்திய பிடிஎஃப்பைச் சும்மாவே அனுப்பிவிடுவேன். "இதெல்லாம் எதுக்கு மிஸ், ஏஐகிட்ட கேட்டா எழுதித் தருது" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. தருகிறது. வந்தது சரியா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டுமே.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு.

உங்கள் 'வரப்பெற்றோம்' பகுதியில் கவிதை, நாவல், ஆன்மிகம், ஜோதிடம் எல்லாம் வருகிறது. கணினி நூல்களுக்கும் மாதத்தில் ஒரு நாள் நாலு வரி ஒதுக்கலாம். மதிப்புரை எழுத ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை. பெயர், விலை, எந்த ஆண்டுப் பதிப்பு, எதற்கான நூல் என்று போட்டால் போதும். இந்த விஷயத்தில் எனக்கு ஆதாயம் இருப்பதால்தான் என் புத்தகத்தின் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் போட வேண்டாம், விளம்பரம் தேடிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது அந்த ஐந்து வரி. திருத்தி மறுபடி வெளியிடுங்கள். ஓடாத நிரலை அடித்துப் பார்த்த பிள்ளைக்குப் பேப்பரில் தப்பு இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. சரியான நிரலை இத்துடன் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் கீழே வருவது நான்கு இடம் உள்ளே தள்ளியிருக்கும், மேற்கோள் குறிகள் நேராக இருக்கும். பக்கம் செய்கிற தம்பி யாராயிருந்தாலும் அவருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று அதையே ஒரு படமாகவும் இணைத்திருக்கிறேன். படத்தை அப்படியே வைத்துவிட்டால் போதும். பெரிதாக்க வேண்டுமானால் பெரிதாக்கிக்கொள்ளட்டும், இடப்பக்கம் வெள்ளையாகத் தெரிகிறதே என்று மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோவில்பட்டி.